யூலியஸ் அத்தியாயத்தை மகளுக்கு வாசிக்கலாமா, தாண்டிவிடலாமா?

மொட்டைமாடி | திங்கள், இரவு 9:50

மகளுக்குப் பத்து வயது. தூங்கப் போகும் முன் தினம் ஓர் அத்தியாயம் என்று ஜூடித் கெர் எழுதிய ‘ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது’ நாவலை வாசித்து வருகிறோம். 1971-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகம். நான் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அவள் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்தபடி கேட்பாள்.

படிக்காதவர்களுக்காகக் கதை: 1933, பெர்லின். ஆனா என்று ஒரு ஒன்பது வயதுச் சிறுமி. அண்ணன் மாக்ஸுக்குப் பன்னிரண்டு. அப்பா பேர்போன எழுத்தாளர், யூதர், நாஜிகளை விடாமல் எதிர்த்தவர். தேர்தலில் ஹிட்லர் ஜெயித்தால் உங்கள் பாஸ்போர்ட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அவருக்கு ஃபோனில் தகவல் வருகிறது. காய்ச்சலில் படுத்திருந்தவர் அப்படியே எழுந்து பிராக் நகருக்கு ரயிலேறிவிடுகிறார். சில நாள் கழித்து அம்மாவும் பிள்ளைகளும் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்புகிறார்கள். பொம்மைகளில் எதை எடுத்துப்போவது என்று வரும்போது ஆனா புதிதாக வந்த நாய்க்குட்டி பொம்மையை எடுத்துக்கொண்டு, பழைய ரோஸ் முயலை விட்டுவிட்டுப் போகிறாள். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைப்பு. வீட்டையும் சாமான்களையும் நாஜிகள் எடுத்துக்கொள்கிறார்கள். முயலும் போயிற்று.

பிறகு சுவிட்சர்லாந்து, அங்கிருந்து பாரிஸ், கடைசியில் லண்டன். நாங்கள் இப்போது பாரிஸில் இருக்கிறோம்.

என் சிக்கல் இதுதான். ஆனா வீட்டுக்குப் பழகிய யூலியஸ் என்று ஒருவர் வருகிறார். பிள்ளைகள் உறவுபோல அழைப்பார்கள். பெர்லினில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை. ‘இதெல்லாம் கொஞ்ச நாளில் அடங்கிவிடும்’ என்று நம்பி அங்கேயே தங்கிவிட்ட மனிதர். என் மகளுக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவர். அடுத்து வரும் பக்கங்களில் அவர் தூக்க மாத்திரை சாப்பிட்டு இறந்துபோன செய்தி வருகிறது.

நான் முன்பே ஒரு தடவை படித்திருப்பதால் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வாசிப்பதா, ‘நோயில் இறந்துவிட்டார்’ என்று சொல்லித் தாண்டுவதா? இரண்டு நாளாக ‘அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை’ என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

---

நூலகப்பூனை | திங்கள், இரவு 10:25

வாசியுங்கள். நோய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் புத்தகத்தில் ஆளைக் கொன்றது நோய் இல்லை என்பதுதானே விஷயம்.

யூலியஸின் கதையைக் கவனமாகப் பாருங்கள். ஆனாவின் அப்பா போல அவர் நாஜிகளை எதிர்த்து ஒரு வரி எழுதியவர் இல்லை. குடும்பத்தில் ஒரு பாட்டி யூதர், அவ்வளவுதான். கெர் இதைக் கற்பனையாகச் சேர்க்கவில்லை. 1933 ஏப்ரல் 7-ல் அரசுப் பணியாளர் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். நாலு நாள் கழித்து வந்த விதியில், தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும், அந்த ஆள் ‘ஆரியர் அல்லாதவர்’ என்று எழுதிவைத்தார்கள். யூலியஸுக்கு வேலை போகிறது. மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் தினமும் மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் குரங்குகளைப் பார்ப்பது. அந்த அனுமதிச் சீட்டையும் பிடுங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மாத்திரை.

மிருகக்காட்சி சாலைச் சீட்டு! அதைப் பிடுங்கி அரசாங்கத்துக்கு என்ன லாபம்? பத்து வயதுப் பிள்ளைக்கு ‘லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள்’ என்றால் ஒன்றும் ஏறாது. இது ஏறும்.

இன்னொன்று. கெர் அந்தப் பக்கத்தில் அழவைக்க முயலவே மாட்டார். நீங்களும் குரலை மாற்றாமல், அடுத்த வீட்டுச் செய்தி சொல்வதுபோல வாசித்துவிட்டு நிறுத்துங்கள். அவளே கேட்பாள்.

---

நேர்கோடு | திங்கள், இரவு 11:10

கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். இந்த நாவலை எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவது எனக்குப் புரிந்ததே இல்லை. அகதிக் கதை என்கிறீர்கள். எனக்கு இது கோடை விடுமுறைக் கதைபோல இருந்தது. சூரிச்சில் ஹோட்டல், ஏரிக்கரையில் விடுதி, படகு, பிறந்தநாள், பாரிஸில் வேலைக்காரப் பெண். சண்டை இல்லை, பசி இல்லை, முகாம் இல்லை. எல்லை தாண்டுகிற இடத்தில்கூட அதிகாரி வருகிறார், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார், போகிறார். தீர்ந்தது.

பெயரும் பணமும் உள்ள ஒரு குடும்பம் நேரத்தோடு தப்பித்தது, நல்லதுதான். ஆனால் இதைக் கையில் கொடுத்து ‘அகதி வாழ்க்கை இப்படித்தான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பொய் இல்லையா? யூலியஸ் வருகிற சில பக்கங்களை எடுத்துவிட்டால் மிச்சம் பஞ்சுமிட்டாய். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பக்கங்களை மட்டும் கண்டிப்பாக வாசியுங்கள்.

---

மொட்டைமாடி | திங்கள், இரவு 11:20

நேர்கோடு, ஆக உங்கள் ஓட்டும் ‘வாசி’ பக்கம்தான் :)

பஞ்சுமிட்டாய் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த ரயில் காட்சியில் அதிகாரி முத்திரை குத்திவிட்டுப் போகும்வரை அம்மா கைப்பையை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதைத்தான் ஆனா பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மகள் அங்கே என் கையைப் பிடித்தாள். நான் ‘பயம்’ என்ற சொல்லையே சொல்லவில்லை, புத்தகத்திலும் அந்த இடத்தில் விளக்கம் எதுவும் இல்லை.

---

ரைன்கரை | செவ்வாய், காலை 7:05

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே இது பள்ளிக்கூடங்களில் நன்றாகத் தெரிந்த புத்தகம். 1973-ல் ஜெர்மனில் வந்தது, அடுத்த ஆண்டே இளையோர் இலக்கியத்துக்கான ஜெர்மானிய விருது கிடைத்தது. கரோலினே லிங்க் இயக்கத்தில் 2019-ல் படமாகவும் வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் கெர் காலமானார், தொண்ணூற்றைந்து வயதில். என் மகனும் பள்ளியில் படித்தான். பெற்றோர் கூட்டத்தில் ‘யூலியஸ் பகுதி வேண்டுமா’ என்று இதே கேள்வி எழுந்தது. டீச்சர் வாசித்தார். மறுநாள் பிள்ளைகள் சாதாரணமாகத்தான் வந்தார்கள். பெற்றோர்கள்தான் தூங்கவில்லை போலிருக்கிறது.

நேர்கோடு ‘நேரத்தோடு தப்பித்தது’ என்கிறார். அந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். ஆனாவின் அப்பா நிஜத்தில் ஆல்ஃப்ரெட் கெர், பெர்லினில் நாடகக்காரர்கள் நடுங்கிய விமர்சகர், நாஜிகளுக்கு எதிராக வானொலியிலும் பேசியவர். ஹிட்லர் சான்சலரானது 1933 ஜனவரி 30. ஆல்ஃப்ரெட் கெர் கிளம்பியது பிப்ரவரி 15. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது பிப்ரவரி 27. அந்த ராத்திரியிலிருந்தே எதிராளிகளைக் கொத்துக்கொத்தாகக் கைது செய்தார்கள். தேர்தல் மார்ச் 5. குடும்பம் எல்லையைத் தாண்டியது அதற்கு முன்னால். பன்னிரண்டு நாள் தாமதித்திருந்தால் இந்த நாவலை எழுத ஆளே இருந்திருக்குமா தெரியாது.

மே 10-ம் தேதி பெர்லினில் புத்தகங்களை எரித்தபோது சில எழுத்தாளர்களின் புத்தகங்களைப் பெயர் சொல்லி, கோஷத்தோடு நெருப்பில் போட்டார்கள். ஆல்ஃப்ரெட் கெருக்கென்று தனியாக ஒரு கோஷம் இருந்தது. ஜெர்மன் மொழியைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு! ஆகஸ்டில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் முதல் பட்டியல் வந்தது. மொத்தம் 33 பேர், அதில் அவரும் ஒருவர்.

---

ஆறாம்பாடவேளை | செவ்வாய், மதியம் 1:15

நான் ஆறாம் வகுப்பு டீச்சர். புத்தகத்தை முழுதாக வகுப்பில் வாசிக்க நேரமில்லை, முதல் சில அத்தியாயங்களை மட்டும் கதையாகச் சொன்னேன். முயலை விட்டுவிட்டு நாயை எடுத்துக்கொண்ட இடத்தில் நிறுத்தி, ‘உங்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் என்றால் எதை எடுப்பீர்கள், எழுதுங்கள்’ என்றேன். எதிர்பார்த்தபடி செல்போன், கிரிக்கெட் பேட், நாய் (நிஜ நாய்). ஒரு பையன் ‘ரேஷன் கார்டு’ என்று எழுதியிருந்தான். ஏன்டா என்றால், ‘மழை வந்தா அம்மா முதல்ல அதைத்தான் பிளாஸ்டிக் கவர்ல கட்டுவாங்க டீச்சர்’ என்றான். தாழ்வான தெரு அவனுடையது.

அந்தப் பையனுக்கு இது பஞ்சுமிட்டாயாகப் படவில்லை, நேர்கோடு ஐயா. எது முக்கியம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணுவதைப் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்ப்பதுதான் கதை. அது அவனுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம்.

வயதைப் பற்றிக் கேட்டால், பத்து வயதுக்குச் சரிதான். ஆனால் அந்த அத்தியாயத்தை ராத்திரியில் வாசிக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் வாசியுங்கள். கேட்பதற்கும் ஓடி விளையாடுவதற்கும் பகல் முழுக்க இருக்கும்.

---

பனங்கூடல் | செவ்வாய், மாலை 6:40

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. இந்தப் புத்தகத்தை நான் பெரியவளான பிறகுதான் படித்தேன், என் பிள்ளையின் பள்ளி நூலகத்தில் பிரெஞ்சில் கிடைத்தது.

நேர்கோடு சொன்னதில் பாதி சரி. எங்கள் பயணத்தில் ஹோட்டலும் இல்லை, ஏரியும் இல்லை. அதை இங்கே எழுத விருப்பமில்லை. ஆனால் பாரிஸ் பள்ளிக்கூட அத்தியாயங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

ஆனா வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், டீச்சர் மதாம் சொக்ராத் மிக நல்லவர், ஆனாலும் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் ஜெர்மனில் செய்து, பிரெஞ்சுக்கு மாற்றி, வாயைத் திறக்கும்போது மற்றப் பிள்ளைகள் வேறு கதைக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் களைப்பு, எரிச்சல், அழுகை. பிறகு ஒருநாள், காரணம் ஒன்றும் இல்லாமல், யோசிக்காமலே பிரெஞ்சு வாயில் வருகிறது. அவளுக்கே திகைப்பு.

எனக்கு அது பேக்கரியில் நடந்தது. என்னை முந்திக்கொண்டு வரிசையில் நுழைந்த ஒரு அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன், பாதியில்தான் நான் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறேன் என்று விளங்கியது. வீட்டுக்கு ஓடி வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். ‘பாண் வாங்கினியா?’ என்று மட்டும் கேட்டார். வாங்கவில்லை.

பசி, முகாம் எல்லாம் எழுதுகிற புத்தகங்கள் வேண்டும்தான். ஆனால் நாக்கு ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு மாறுவதை இவ்வளவு சரியாக எழுதிய ஆளை நான் வேறெங்கும் காணவில்லை. மொட்டைமாடி அண்ணா, வாசியுங்கள். எங்களிடம் மறைத்தவற்றை எல்லாம் நாங்கள் சுவரின் மறுபக்கம் இருந்து கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தோம். அரைகுறையாகக் கேட்டதுதான் அதிகம் பயம்.

---

நேர்கோடு | செவ்வாய், இரவு 8:30

பனங்கூடல் அக்கா, உங்கள் பதிவுக்கு முன்னால் என் பதிவு கொஞ்சம் சத்தமாகத்தான் தெரிகிறது. பஞ்சுமிட்டாய் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வியை விடவில்லை. பாரிஸில் ஆனா மாடியிலிருந்து ஊரைப் பார்த்து, அகதியாக இருப்பது எவ்வளவு அருமை என்று அப்பாவிடம் சொல்கிறாள். நிஜத்திலும் கெர் சின்ன வயதில் தன் அப்பாவிடம் அப்படிச் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அதைப் பிள்ளைகள் புத்தகத்தில் வைக்கலாமா? அகதி முகாமில் இருக்கிற ஒரு பிள்ளை இதைப் படித்தால் என்ன நினைக்கும்?

---

உரைகல் | செவ்வாய், இரவு 10:45

அந்த வரியைச் சொல்வது யார், கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். சொல்வது பத்து வயதுப் பெண். கேட்பது அறுபத்தைந்து தாண்டிய மனிதர், எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். சுவிஸ் பத்திரிகைகள் நடுநிலை கெட்டுவிடும் என்று பயந்து அவர் எழுதியதைப் போடவில்லை. அதனால்தான் பாரிஸுக்கே வந்தார். பாரிஸில் அவருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஆனால் ஜெர்மனில் ஒரு வாக்கியத்தை எப்படி முறுக்கி நிமிர்த்துவாரோ அந்த வித்தை பிரெஞ்சில் பாதிதான் எடுபடும். லண்டன் போனால் அதுவும் இல்லை. அவருடைய ஜெர்மனைப் படிக்க வேண்டியவர்கள் அதை எரித்துவிட்டார்கள்.

மகள் ‘அருமை’ என்கிறாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள், நாம் அங்கேயே நின்றுவிடுவோம். ஒரே பக்கத்தில் இரண்டு புத்தகம் இருக்கிறது. இது பூசி மெழுகுவது இல்லை என்பேன்.

பணம் உள்ள குடும்பம் என்பதும் பாரிஸ் வந்ததும் கரைந்துவிடுகிறது. பியானோ வாசித்த அம்மாவுக்குக் காலுறை தைக்கத் தெரியாது, சமைக்கத் தெரியாது. வாடகைக்குத் திண்டாட்டம். கடைசியில் காப்பாற்றியது ஒரு திரைக்கதை. நெப்போலியனின் அம்மாவைப் பற்றி அப்பா எழுதியதை லண்டனில் ஒரு படக் கம்பெனி ஆயிரம் பவுண்டுக்கு வாங்குகிறது. இதுவும் நடந்ததுதான், நிஜத்தில் வாங்கியவர் அலெக்சாண்டர் கோர்டா. நெப்போலியனின் அம்மா கைகொடுத்திருக்காவிட்டால் அந்தக் குடும்பம் 1940-ல் பாரிஸிலேயே இருந்திருக்கும். ஜெர்மன் படை அந்த ஜூனில் பாரிஸுக்குள் நுழைந்தது. இதை ஆனா அறியமாட்டாள், எழுதும்போது கெருக்குத் தெரியும். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் எழுதியிருக்கிறார் பாருங்கள். அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் வராது.

---

நூலகப்பூனை | செவ்வாய், இரவு 11:05

உரைகல் சொன்ன ‘இரண்டு புத்தகம்’ என்பதற்குப் பாசல் ரயில் நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அப்பாவின் தலைக்கு ஆயிரம் மார்க் விலை வைத்தாயிற்று. பாரிஸ் போகும் வழியில் பாசலில் ரயில் மாற வேண்டும். போர்ட்டர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடுகிறார், இவர்கள் பின்னால் ஓடி ஒரு பெட்டியில் ஏறுகிறார்கள். வண்டி கிளம்பப் போகும்போது ஆனாவின் கண்ணில் ‘ஸ்டுட்கார்ட்’ என்ற பலகை படுகிறது. ஜெர்மனிக்குப் போகிற வண்டி! அலறி அடித்துக்கொண்டு சாமான்களோடு இறங்குகிறார்கள். போர்ட்டர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தேதான் செய்தாரா? பதில் இல்லை. நாவல் முடியும்வரை இல்லை.

ஆனாவுக்குப் பலகையை வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால்? எனக்கு இன்றைக்கும் பிளாட்பாரத்தில் நின்றால் பலகையை இரண்டு தடவை பார்க்கிற பழக்கம்.

---

மொட்டைமாடி | புதன், காலை 6:30

தலைக்கு விலை என்றதும் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் ஆனா அதைக் கேட்டுவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வாள். அப்பா படுத்திருக்கும்போது ஆயிரம் காசு அவர் தலையில் கொட்டி அமுக்கப் போகிறது என்று கற்பனை பண்ணிப் பயப்படுவாள். நான் தமிழில் ‘தலைக்கு விலை வைத்தார்கள்’ என்றேன். என் மகள் இன்னொரு மாதிரி புரிந்துகொண்டாள். ‘தலையை மட்டும் வாங்கி என்னப்பா பண்ணுவாங்க?’ என்றாள். கறிக்கடையில் தலைக்கறி விலை கேட்பதைப் பார்த்திருக்கிறாள். சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாவின் பயத்தைவிட என் மகளின் பயம் மோசமாகிவிட்டது.

அப்புறம் பெரிய தலைவலி ஒன்று. புத்தகத்தில் பிள்ளைகள் அப்பாவை ‘பாப்பா’ என்பார்கள், அம்மாவை ‘மாமா’ என்பார்கள். முதல் நாள் தெரியாமல் அப்படியே வாசித்துவிட்டேன். ‘பாப்பா ஓடிப்போச்சு, மாமா அழுதாரு’ என்று ஆகிவிட்டது.

---

உரைகல் | புதன், காலை 9:10

ஹா ஹா. நான் இதில் சில பக்கங்களை ஆசைக்காக மொழிபெயர்த்துப் பார்த்தேன், முதல் பக்கத்திலேயே இதில்தான் சறுக்கினேன். அம்மா, அப்பா என்று போடுவதுதான் ஒரே வழி. யூலியஸை ‘மாமா’ என்றால் கேட்கிறவர்கள் தாய்மாமன் என்று எடுத்துக்கொள்வார்கள், ‘சித்தப்பா’ என்றாலும் ரத்த உறவு வந்துவிடுகிறது. அவர் குடும்ப நண்பர் மட்டும்தானே. நான் ‘அங்கிள்’ என்று விட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் அப்பாவின் நண்பரை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

தலைப்பில் இளஞ்சிவப்பு என்றால் பாடநூல் வாசம். எந்தப் பிள்ளை ‘என் இளஞ்சிவப்பு முயல்’ என்று சொல்லும்? ரோஸ் முயல்தான். ஜெர்மன் தலைப்பிலும் ‘ரோஸா’ என்றுதான் வரும், வசதியாகப் போயிற்று.

ஒன்று மட்டும் தமிழில் தானாக அமைந்துவிடுகிறது. அகதி. கதி இல்லாதவன். ஆனா அந்தச் சொல்லை ஏதோ புதுச் சட்டை மாதிரி போட்டுப் பார்க்கிறாள். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே போக்கிடம் இல்லை என்பது இருக்கிறது. அவள் சந்தோஷமாக அதைச் சொல்லும்போது தமிழ் வாசகனுக்குக் கொஞ்சம் கூடவே உறைக்கும். நேர்கோடு கேட்ட கேள்விக்கு என் பாதிப் பதில் இது.

---

நேர்கோடு | புதன், மதியம் 12:20

பாதியை ஏற்கிறேன். மீதியை இரண்டாம் பாகம் படித்துவிட்டுச் சொல்கிறேன். எங்கே நிற்கிறது அந்தக் கதை?

---

ரைன்கரை | புதன், மாலை 4:50

மூன்று நாவல்கள். இரண்டாவது 1975, மூன்றாவது 1978. இரண்டாவதில் லண்டன், குண்டுவீச்சு, ஆனா வளர்ந்துவிட்டாள், ஓவியம் படிக்கிறாள். உங்கள் கோபத்துக்கு அங்கே தீனி இருக்கிறது. ஹிட்லரிடமிருந்து ஓடிவந்த மாக்ஸை, ஜெர்மனியில் பிறந்தவன் என்று பிரிட்டன் 1940-ல் பிடித்து அடைத்துவைக்கிறது. நிஜத்தில் அண்ணன் மைக்கேல் கெருக்கு அதுதான் நடந்தது. வெளியே வந்து பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டினார், பின்னாளில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார்.

கெர் இதையெல்லாம் ஏன் எழுத உட்கார்ந்தார் என்பதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. நாஜிகளிடமிருந்து ஒரு குடும்பம் தப்பிப்பதாக வரும் பிரபலமான பாட்டுப் படம் ஒன்றை அவருடைய மகன் பார்த்திருக்கிறான். ‘அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது’ என்றானாம். மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு நாங்கள் ஓடிவரவில்லை என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டுமே. அதற்காக எழுதியது. ஆக, நேர்கோடு, இந்தப் புத்தகம் பிறந்ததே உங்களுடைய எரிச்சலில்தான்.

---

ஆறாம்பாடவேளை | புதன், இரவு 7:30

ஆனா ‘கஷ்டமான குழந்தைப்பருவம்’ இருந்தால்தான் பெரிய ஆளாக முடியும் என்று எதிலோ படித்துவிட்டு, தனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லையே என்று ஏங்குவாளே, அதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் லண்டன் போகும்போது எண்ணிப் பார்ப்பாள். எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம், எனவே இது கஷ்டம் என்ற கணக்கில் வராது என்று வருத்தப்படுவாள்! வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சில் ஒருத்தன் உடனே கை தூக்குவான், ‘டீச்சர், எனக்கு இருக்கு’ என்று.

மொட்டைமாடி சார், சனிக்கிழமை என்று முடிவு பண்ணிவிட்டீர்களா?

---

மொட்டைமாடி | சனி, இரவு 8:15

நீங்கள் சொன்னபடி இன்று காலை வாசித்தேன். எதையும் மாற்றவில்லை. வேலை போனது, சீட்டைப் பிடுங்கியது, மாத்திரை, எழுதிவைத்த குறிப்பு, எல்லாம். குரலை மாற்றாமல் வாசிக்கப் பார்த்தேன், முழுதாக முடியவில்லை. அவள் ஃபேனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘வேணும்னே சாப்பிட்டாரா?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘ஆனாவோட வந்திருக்கலாமே’ என்றாள். வந்திருக்கலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார் என்றேன். ‘ஆனாவோட அப்பாவுக்கு வந்த மாதிரி ஃபோன் வரலையா அவருக்கு?’ என்றாள். அவரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை என்று ஏதோ சொன்னேன். சரியான பதில்தானா என்று இப்போதும் தெரியவில்லை.

அழவில்லை. எழுந்து போய் தோசை சாப்பிட்டாள். மாடியில் சைக்கிள் ஓட்டினாள். மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றாள்.

‘அப்பா, அவர் வராததைக் குரங்குங்க பார்த்திருக்குமா?’

பார்த்திருக்கும் என்றேன். ‘எத்தனை நாள்?’ என்றாள்.

பனங்கூடல் தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது, எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். இன்னும் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது, லண்டன் போக வேண்டும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள், போகிறேன்.